பழுதானது ஒரு சுவிட்ச் மட்டுமே

ஹட்டன் நகரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் சென்று, பின் தேயிலை மலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறினால் நான் கடமையாற்றும் நிலையம் வரும். ஒரு காலத்தில் தோட்டத்தின் பிள்ளை மடுவமாக இருந்த கட்டடம் அது. தகரக் கூரை. மழைக்காலத்தில் சுவர்கள் ஈரத்தில் ஊறிப்போயிருக்கும். காலையில் யன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்துகொள்ளும். அங்கேதான் பெண்களுக்கான தையல் வகுப்பும் கணினி வகுப்பும் நடந்தன.

கணினி வகுப்பு என்றவுடன் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். 2022ஆம் ஆண்டில் எங்களிடம் வேலை செய்யும் கணினி ஒன்றுதான் இருந்தது. அதன் மொனிட்டர் பழைய காலத்து 15 அங்குலப் பெட்டி. இன்றைய மெல்லிய திரைகளைப் போன்றதல்ல. பின்பக்கம் நீண்டு, பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாத பாரத்துடன் இருக்கும். யாரோ ஒரு நலன்விரும்பி அலுவலகத்தை மாற்றியபோது தந்தது. அதில்தான் பதினொரு பெண்கள் முறை வைத்து, பாமினி எழுத்துருவில் தமிழ் தட்டச்சுப் பழகினார்கள்.

அந்தப் பதினொரு பேரில் ஒருவரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அவர் விரும்பாதபடியால் பெயரைக் குறிப்பிடவில்லை. 'வன்னி அக்கா' என்றுதான் தோட்டத்தில் எல்லோரும் அழைப்பார்கள். ஆனால் அவர் மலையகத்து வேர் கொண்டவர்தான். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்று குடியேறியதை வாசகிகள் பலர் அறிவீர்கள். அப்படிப் போன குடும்பத்தில் அங்கே பிறந்தவர் இவர். 2009இல் கணவரை இழந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, சில காலம் ஊரில் தனியே போராடிவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு சின்னம்மாவின் லயத்துக்கு வந்து சேர்ந்தார். பெற்றோர் ஓடிப்போன அதே தோட்டத்துக்கு, நாற்பது வருடத்துக்குப் பிறகு மகள் திரும்பி வந்திருக்கிறார்.

கொழுந்து பறிக்க அவருக்குக் கைவரவில்லை. மலையில் ஏறினால் மூச்சு வாங்கும். நகரத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் தமிழ் தட்டச்சுத் தெரிந்த பெண் தேவை என்று கேள்விப்பட்டார். அதற்காகவே வகுப்புக்கு வந்தார். மற்றவர்களுக்கு அது பழகிப் பார்க்கும் விடயம். அவருக்கு அதுதான் மகளின் சாதாரண தரப் பரீட்சைக்கும் அடுப்புக்கும் வழி.

முதல் நாளே ஒரு சங்கடம் நடந்தது. மொனிட்டரின் பொத்தானை நான் அழுத்தினேன். அந்தப் பழைய பெட்டிகள் உயிர்பெறும்போது 'டும்' என்று ஓர் ஒலி எழுப்பும். அக்கா கதிரையை விட்டு எழுந்து, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். மற்றப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு காரணம் புரிந்து சிரிப்பு நின்றது. அன்று முதல் மொனிட்டரைப் போடுமுன் யாராவது ஒருவர் "அக்கா, போடப் போறேன்" என்று சொல்வது வழக்கமாயிற்று.

அந்த ஆண்டு பங்குனி மாதம் நாடு இருந்த நிலை எல்லோருக்கும் நினைவிருக்கும். எரிபொருள் இல்லை, எரிவாயு இல்லை. நீர்த்தேக்கங்களில் தண்ணீரும் குறைந்திருந்தது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்துப் பெண்கள் ஓடி வருவார்கள். நாங்கள் கணினியைப் போடுவோம், மின்சாரம் போகும், மறுபடி வரும். ஒரு நாளில் எத்தனை தடவை அந்தப் பொத்தானை அழுத்தினோம் என்று கணக்கில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு பொத்தான் பிடிக்கவில்லை. அழுத்தினால் திரை வெளிச்சமாகும், விரலை எடுத்தால் அணைந்துவிடும். பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். சவர்க்காரப் பெட்டி அட்டையை நான்காக மடித்துப் பொத்தானின் ஓரத்தில் செருகினால் அது உள்ளேயே நிற்கும். 'வேலை நடக்கிறதே' என்று நானும் பேசாமல் இருந்தேன். இரண்டு கிழமை அப்படியே போயிற்று. உள்ளே 'சிர்ர்' என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. திரை துடித்தது. ஒரு பிற்பகல் பொத்தானின் பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. அட்டையின் ஓரம் பழுப்பாகியிருந்தது. ஓடிப்போய்ச் சுவர் பிளக்கைக் கழற்றினேன்.

மறுநாள் பொருட்பதிவேட்டை எடுத்து, மொனிட்டர் என்ற வரிக்கு எதிரே 'பழுதடைந்தது – பாவனைக்கு உதவாது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். தலைமை அலுவலகத்துக்குக் கடிதமும் அனுப்பினேன். பதில் எனக்கு முன்பே தெரியும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறிவிட்டது. இறக்குமதிப் பொருள் எதையும் தொட முடியாத காலம். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தது. வகுப்பை நிறுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அதை அக்காவிடம் சொன்னபோது அவர் அழவில்லை. கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தார்.

"பரவாயில்ல மிஸ். எல்லாத்தையும் விட்டிட்டு வாறது எனக்குப் பழகிப்போச்சு. என்ர தையல் மெசினையும் கிணத்தடியில தாட்டுப்போட்டுத்தான் வந்தனான். திரும்பிப் போய்க் கிண்டிப் பாத்தன், குழிதான் இருந்தது" என்றார்.

அவர் போன பிறகு பதிவேட்டை மறுபடி பார்த்தேன். 'பாவனைக்கு உதவாது' என்று எழுதினேனே, எதை வைத்து எழுதினேன்? பெட்டியைத் திறந்து பார்த்தேனா, திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கேட்டேனா? இரண்டுமில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், மனிதர்களை ஒரு சொல்லில் அடைத்து முத்திரை குத்துவதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவள் நான். ஒரு பொருளுக்கு அதைச் செய்ய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு வரியால் ஒரு பெண்ணின் வேலையும் போகப் போகிறது.

ஹட்டனில் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று தையல் ரீச்சர் சொன்னார். பெற்றோல் இல்லாததால் ஓட்டோ கிடைக்காது. பாதை வரை மொனிட்டரை எப்படி இறக்குவது? கொழுந்து பறிக்கும் ஒரு சகோதரி அதைக் கம்பளியால் சுற்றி, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டி, முதுகில் சுமந்து இறக்கித் தந்தார். "பதினஞ்சு கிலோ கொழுந்தவிட இது லேசுதாங்க மிஸ்" என்றார். நானும் அக்காவும் பஸ்ஸில் அதை மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு போனோம்.

பெரியவரின் கடை ஆறடிக்கு எட்டடி. மொனிட்டரைக் கண்டதும் கையைக் காட்டி, "ரெண்டு பேரும் அங்கிட்டு ஒக்காருங்கம்மா. நான் சொல்ற வரைக்கும் கிட்ட வரக்கூடாது" என்றார்.

அதற்கான காரணத்தை அவர் விளக்கினார். இத்தகைய பழைய திரைகளுக்குள் ஒரு பெரிய கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதற்கு இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தக் குழாய் மின்னேற்றத்தை வைத்துக்கொண்டிருக்கும். அத்துடன் வீட்டுக்கு வரும் 230 வோல்ற் மின்சாரத்தை ஒரு பெரிய கொள்ளளவி 300 வோல்ற்றுக்கும் மேலாகச் சேமித்து வைத்திருக்கும். தெரியாதவர் உள்ளே கை வைத்தால் உயிராபத்து. அவர் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, கம்பி இணைத்த திருப்புளியால் இரண்டையும் வெறுமையாக்கினார். சோதித்துப் பார்த்தார். அதன் பிறகுதான் எங்களைக் கிட்ட அழைத்தார்.

"மொனிட்டருக்கு ஒன்னுமே இல்லம்மா. சுவிட்சுதான் போச்சு" என்றார்.

பெருவிரல் நுனியளவுள்ள ஒரு கறுப்புத் துண்டு. நான்கு கால்களால் பலகையில் ஈயம் பற்றியிருந்தது. இரண்டு கால்கள் ஒரு வயருக்கு, மற்ற இரண்டும் அடுத்த வயருக்கு. அழுத்தினால் இரண்டு வயரும் ஒரே நேரத்தில் இணையும். உள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் கொளுக்கி இருக்கிறது. முதல் அழுத்தலில் அது பிடித்துக்கொள்ளும், அடுத்த அழுத்தலில் விட்டுவிடும். அந்தக் கொளுக்கி தேய்ந்ததால்தான் எங்கள் பொத்தான் நிற்கவில்லை.

"அட்டைய சொருகினீங்கல்ல, அதுதான் மோசம் பண்ணிருச்சு" என்றார் பெரியவர். பொத்தான் அரைகுறையாக நின்றபடியால் உள்ளேயுள்ள உலோக முனைகள் இறுகத் தொடாமல், தொட்டும் தொடாமலும் இருந்திருக்கின்றன. அந்தச் சின்ன இடைவெளியில் தீப்பொறி பறந்திருக்கிறது. அதுதான் 'சிர்ர்' சத்தம். பொறி பறக்கப் பறக்க முனை கறுத்து, சூடேறி, பிளாஸ்டிக் உருகியது. மொனிட்டரைப் போடும் கணத்தில்தான் சுவிட்சுக்கு அதிக பாரம். வெறுமையாக இருக்கும் கொள்ளளவி ஒரே மடக்கில் மின்சாரத்தைக் குடிக்கும். திரையின் நிறம் கெடாதபடி காந்தத்தை நீக்கும் ஒரு சுருளும் அதே நேரத்தில் இயங்கும். மின்வெட்டு நாட்களில் நாங்கள் போட்டுப் போட்டு அணைத்தது அதன் ஆயுளைக் குறைத்தது. எங்கள் மலையின் ஈரமும் சேர்ந்துகொண்டது.

அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். "அப்ப அந்த 'டும்' எண்டு கேக்கிறது?"

"அது அந்தச் சுருளு பண்ற சத்தம்மா. மின்சாரம் பாயுறப்போ அதிரும். வேற ஒன்னுமில்ல."

"வேற ஒண்டும் இல்லையோ?" என்று மீண்டும் கேட்டார். பெரியவர் சுருளைத் தொட்டுக் காட்டினார். குழாயைச் சுற்றி மாலை போலக் கிடந்தது. அக்கா அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செலவைக் குறைக்க நினைத்து ஒன்று கேட்டேன். "ஐயா, சுவிட்சே வேண்டாம். வயரை நேராக இணைத்துவிட்டால் சுவர் சுவிட்சில் போட்டு அணைக்கலாம்தானே?" பெரியவர் தலையை ஆட்டினார். அப்படிச் செய்தால் சுவர் சுவிட்சை அணைக்க மறக்கும் ஒவ்வொரு நாளும் உள்ளே மின்சாரம் நிற்கும். மின்வெட்டு முடிந்து நடு இரவில் மின்சாரம் வரும்போது பூட்டிய கட்டடத்துக்குள் மொனிட்டர் தானே எரியத் தொடங்கும். "லயம் தீப்புடிச்ச கதையெல்லாம் நீங்க கேட்டதில்லையாம்மா?" என்றார். தோட்டத்தில் பிறந்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பலகையும் தகரமுமாக ஒட்டி நிற்கும் லயத்தில் ஒரு காம்பராவில் பற்றும் தீ மற்றக் காம்பராக்களை விட்டுவைப்பதில்லை.

கழித்துப் போட்ட ஒரு பெட்டியிலிருந்து அதே அளவு, அதே வலுவுள்ள சுவிட்ச் ஒன்றைத் தேடி எடுத்தார். சுவிட்சின் உடலில் எத்தனை வோல்ற், எத்தனை அம்பியர் என்று எழுதியிருக்கும். பழையதற்குக் குறைந்ததைப் போடக்கூடாது. பிறகு சோல்டரிங் அயனைச் சூடாக்கி அக்காவிடம் நீட்டினார்.

"தையல் தெரியும்னு சொன்னீங்களே. ஊசியப் புடிக்கிற கைக்கு இது வரும்."

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கே பயமாக இருந்தது. பலகை தனியாகக் கழற்றப்பட்டிருந்தது, அதில் மின்சாரம் இல்லை, ஆபத்தும் இல்லை. இருந்தாலும் பெண்பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் 'சுவிட்சைத் தொடாதே, வயரைத் தொடாதே' என்று கேட்டு வளர்ந்தவர்கள். அக்கா தாவணியின் ஓரத்தில் கையைத் துடைத்துவிட்டு அயனை வாங்கினார். பழைய ஈயத்தை இளக்கி, உறிஞ்சியால் எடுத்து, கறுத்த சுவிட்சைப் பிடுங்கினார். புதியதன் நான்கு கால்களையும் துளைகளில் இறக்கினார். முதல் கால் குமிழ் போலப் பற்றியது. பெரியவர் அதை எடுத்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னார். காலையும் பலகையையும் முதலில் சூடாக்கி, பிறகே ஈயத்தைத் தொட வேண்டுமாம். நான்காவது கால் கண்ணாடி போலப் பளபளத்தது.

மல்டிமீட்டரை வைத்துச் சோதித்தார்கள். அழுத்தினால் 'பீப்'. மறுபடி அழுத்தினால் அமைதி. அக்கா அதைப் பத்துத் தடவையாவது அழுத்திப் பார்த்திருப்பார்.

பெட்டியை மூடி, மின்சாரம் வரும் நேரத்துக்காகக் காத்திருந்தோம். வந்ததும் பெரியவர் பொத்தானைக் காட்டினார். அக்காவே அழுத்தினார். 'டும்' என்றது. அவர் தோள் ஒரு தடவை குலுங்கியது. ஆனால் விரலை எடுக்கவில்லை, எழுந்து ஓடவுமில்லை. "சுருள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பெரியவர் வாங்கிய கூலி ஒரு நாள் பேருக்குக் கிடைக்கும் சம்பளத்தில் பாதிகூட இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து மலையுச்சிகளில் நிற்கும் மின்கோபுரங்கள் தெரிந்தன. சிறு வயதிலிருந்தே பார்த்துப் பழகியவை. எங்கள் மலைகளில் விழும் மழைதான் கெஹெல்கமு ஓயாவாகவும் மஸ்கெலியா ஓயாவாகவும் ஓடி, காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் நிறைகிறது. அந்த நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே ஆய்வுக் கட்டுரை வாசித்தார். லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. கொழும்புக்கு வெளிச்சம் போனது. அந்தக் கம்பிகளுக்குக் கீழே இருந்த எத்தனையோ லயங்கள் அதன் பிறகும் நீண்ட காலம் குப்பி லாம்பில்தான் இருந்தன. என் அம்மாயி சாகும் வரை மண்ணெண்ணெய்ப் புகையில்தான் சமைத்தார். மின்சாரம் எங்களுக்குப் பிந்தி வந்தது. அதைப் பற்றிய அறிவு, அதிலும் பெண்களுக்கு, இன்னும் பிந்தியே வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் இது பெண்களால் முடியாத காரியம் அல்ல. இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் திலோனியா என்ற கிராமத்தில் 1972இல் தொடங்கப்பட்ட 'பெயர்பூட் கல்லூரி' இதற்குச் சாட்சி. பள்ளிக்கூடம் சரியாகப் போகாத கிராமத்துப் பெண்கள், அவர்களில் பலர் பாட்டிமார், அங்கே ஆறு மாதம் தங்கிச் சூரிய சக்தி விளக்குகளைப் பொருத்தவும் திருத்தவும் பழகியிருக்கிறார்கள். ஆபிரிக்காவிலிருந்தும் பெண்கள் வந்திருக்கிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நிறத்தையும் சைகையையும் வைத்தே படித்தார்கள். ஊருக்குத் திரும்பித் தங்கள் கிராமத்துக்கு வெளிச்சம் கொடுத்தார்கள்.

எங்கள் வகுப்பு மறுநாளே தொடங்கியது. பதிவேட்டில் நான் எழுதிய வரியைக் கோடிட்டு வெட்டி, 'சுவிட்ச் மாற்றப்பட்டது' என்று எழுதி, திருத்தியவர் என்ற இடத்தில் அக்காவைக் கையொப்பமிடச் சொன்னேன். அவர் பேனையை வாங்கி, "நானோ தங்கச்சி?" என்றார். அதுவரை அவர் என்னை 'மிஸ்' என்றுதான் அழைத்திருந்தார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. கொமியூனிகேஷன் கடையில் அக்காவுக்குக் கிழமைக்கு மூன்று நாள் வேலைதான் கிடைத்தது. கூலி போதாது. மீதி நாட்களில் அயன் பெட்டி, டோர்ச், தொலைபேசிச் சார்ஜர் என்று லயத்தவர் கொண்டுவருவதைத் திருத்துகிறார். தெரியாததைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கேட்கிறார். மகள் சாதாரண தரம் சித்தியடைந்தாள், கணிதத்தில் மட்டும் இரண்டாம் தடவை. அந்த மொனிட்டர் மேலும் இரண்டு வருடம் உழைத்தது. 2024இல் கண்ணாடிக் குழாய் மங்கி, எழுத்தே தெரியாமல் போயிற்று. இம்முறை பெரியவர் திறந்து பார்த்துவிட்டுச் சொன்ன பிறகே 'பாவனைக்கு உதவாது' என்று எழுதினேன். சுவிட்சை அக்கா கழற்றி எடுத்து வைத்திருக்கிறார், யாருக்காவது உதவும் என்று.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கக்கூடும். அழுத்தினால் நிற்காத சுவிட்ச், அட்டையோ ஈர்க்குக் குச்சியோ செருகி வைத்த பொத்தான், தொட்டால் சுடுகின்ற பிளக். 'சிர்ர்' என்று சத்தமோ கருகும் மணமோ வந்தால் அன்றே பிளக்கைக் கழற்றுங்கள். ஈரக் கையால் தொட வேண்டாம். செருகி வைத்து ஓட்டவும் வேண்டாம், வயரை நேராக இணைக்கவும் வேண்டாம். பழைய தொலைக்காட்சியையும் பெட்டி மொனிட்டரையும் நீங்களாகத் திறக்கவே கூடாது. உங்கள் வீட்டு மின்பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மின்னியலாளரை அழையுங்கள்.

அவர் வந்து திருத்தும்போது அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் நின்று, என்ன பழுது, ஏன் வந்தது என்று கேளுங்கள். அக்கா அன்று கேட்ட கேள்வியும் அவ்வளவுதான்.